ஊத்தாவுக்குள் கை

மாசி முடிந்து வெயில் ஏறினால் சிங்கம்புணரிப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். அறுவடை முடிந்திருக்கும், மடைக்கு வேலையில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, கண்மாயை அழிக்க, அதாவது எல்லாரும் இறங்கி மீன் பிடிக்க, நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டிக்குத் தகவல் சொல்லும் வேலையை இப்போது வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது.

அம்மாச்சி ஊர்க் கண்மாயில் சின்ன வயதில் கரையோரம் மீன் பொறுக்கியதோடு சரி. மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையைத் தூக்கும் வயது வருவதற்குள் படிப்பு, வேலை என்று சென்னைக்குப் போய்விட்டேன். இந்த வருஷம் மாமா மகன் கூப்பிட்டான்.

முந்தின நாள் சாயங்காலமே ஊத்தா கட்டும் பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப்போனான். மூங்கிலைப் பிளந்து, கணுவை மழித்து, சிம்பு சிம்பாகச் சீவி வைத்திருந்தார். அவற்றை வளையங்களில் நிறுத்தி நைலான் கயிற்றால் வரிந்து கட்டுகிறார். அடி அகலம், மேல்வாய் ஒரு கை நுழையும் அளவு, இரண்டு பக்கமும் திறப்பு. அடிநுனி சேற்றில் இறங்கக் கூராக இருக்க வேண்டும். மேல்வாயில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றுகிறார், கை கிழியாமல் இருக்க. சிம்புகளுக்கிடையே விரல் நுழைந்தது.

“இதுல குஞ்செல்லாம் போயிருமே தாத்தா?”

“போகட்டும் தம்பி. எல்லாத்தையும் அள்ளிட்டா அடுத்த வருசம் எதைப் பிடிப்ப?”

காலையில் சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் நாலு கரையிலிருந்தும் ஜனம் பாய்ந்தது. ஊத்தாவைக் குத்தி, ஒரு நொடி நிதானித்து, பிடுங்கி அடுத்த எட்டில் குத்த வேண்டும். உள்ளே மீன் இருந்தால் சிம்பில் முட்டும். பழகியவர்கள் முட்டலை வைத்தே மீனைச் சொல்கிறார்கள். ஜிலேபி படபடவென்று அடிக்கும். விரால் ஓங்கி ஒரு முட்டு முட்டிவிட்டுச் சேற்றோடு சேறாகக் கிடந்துவிடும். ஒன்றுமில்லை என்று ஊத்தாவைத் தூக்கினால் போயிற்று, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். “நல்லாத் தொளாவுடா” என்று மாமா மகன் கத்திக்கொண்டே இருந்தான். கெளுத்தியாக இருந்தால் அதே கையை மெதுவாக விட வேண்டும், முள் குத்தினால் விண்விண்ணென்று கடுக்கும்.

விராலும் கெளுத்தியும்தான் இந்தத் தண்ணீரின் பழைய குடிகள். ஜிலேபி 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து பரவியது. கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி ஆற்றுக் கெண்டைகள். 1957இல் ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அதற்குப் பிறகுதான் குஞ்சு வாங்கிவந்து கண்மாயில் விடுவது சுலபமாயிற்று. மீனுக்குக் குத்தகைக்காரர்களும் பெருகினார்கள். அவர்கள் வலைபோட்டு வாரிய பிறகு மிச்சத்துக்குத் திருவிழா வைக்கும் ஊர்கள் உண்டு. அது எனக்கு ஒப்பவில்லை. இந்த ஊர் இன்னும் குத்தகைக்கு விடவில்லை. பிடித்தது குழம்புக்குத்தான், விற்கக் கூடாது என்பது பேச்சு.

ஆனாலும் வேனில் வந்த சிலர் வலை விரித்தார்கள். ஊத்தாக்காரர்களுக்குக் கடுப்பு, எனக்கும்தான். பெண்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் ஓரச் சகதியைக் கூடையால் அரித்து அயிரை சேர்த்தார்கள்.

ஊத்தா கட்டும் பெரியவர் கண்மாயில் இறங்கவே இல்லை. கரை வேம்படியில் உட்கார்ந்து, ஒடிந்த சிம்புகளை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காசு வேண்டாம், ஒரு மீனைப் போட்டுவிட்டுப் போனால் போதும். உச்சிவெயிலில் கரையேறிப் பார்த்தால், எங்கள் சாக்கைவிட அவர் சாக்குதான் கனம்.