முட்டியில் ஒரு நீலப் புள்ளி

என் வலது முட்டியில், தோலுக்கு அடியில், கடுகளவு நீலப் புள்ளி ஒன்று இருக்கிறது. பார்ப்பவர்கள் மச்சம் என்று நினைப்பார்கள். அது தோட்டத்து றோட்டின் ஒரு துணுக்கு. 1986-இல், எனக்கு எட்டு வயதில், கொழுந்து மடுவத்துக்குக் கீழே இருந்த இறக்கத்தில் விழுந்தபோது உள்ளே போனது. இன்றுவரை வெளியே வரவில்லை.

எங்கள் ஊரைப் பத்திரிகைகளில் இறக்குவானை என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது றக்வானதான். இரத்தினபுரி மாவட்டம். இங்கிருந்து புலுத்தொட்டைக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் சூரியகந்தை வழியாகத் தெனியாய போய்ச் சேரலாம். சிங்கராஜ வனம் பக்கத்தில் இருப்பதால் மழைக்குப் பஞ்சமே இல்லை. பாசி பிடித்த படிக்கட்டு, சரளைக்கல் றோட்டு, கொழுந்து மலையின் குறுக்குப் பாதை என்று எங்கே பார்த்தாலும் வழுக்கல். முட்டி தேயாமல் வளர்ந்த பிள்ளை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒன்றுகூட இல்லை.

அன்று பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்த வேகத்தில் விழுந்தேன். இரண்டு முட்டியும் இடது உள்ளங்கையும் உரசித் தோல் வழன்றுவிட்டது. முதலில் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் ஊசிமுனை ஊசிமுனையாக இரத்தம் அரும்பியது. அம்மாவும் அப்பாவும் மலையில். வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மாயிதான் லயத்தில் இருந்தார். "என்னத்தா, முட்டியப் பேத்துக்கிட்டு வந்திருக்க" என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே பீலிக்குப் போனார். காலைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. மலைத் தண்ணீர், அப்படி ஒரு குளிர். நான் அலறிய அலறலில் தொங்கல் காம்பராவிலிருந்தவர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள். பிறகு கான் ஓரத்தில் நின்ற ஹுலந்தலாச் செடியில் ஒரு கை இலையைப் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைப் பிழிந்தார். அதற்கு மேல் ஒரு சிட்டிகை கோப்பித்தூள். "காத்தாட விடு. காஞ்சாத்தான் ஆறும்" என்றார்.

அம்மாயி செய்ததில் பாதி மிகச் சரி, பாதி தவறு. எது எது என்று இத்தனை வருடம் கழித்துப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதே வைத்தியம் அதே வரிசையில் இன்றும் லயங்களில் நடக்கிறது.

பீலிக்கு ஓடியது எல்லாவற்றிலும் சரியானது. சிராய்ப்புக்கு முதல் மருந்தும் முக்கிய மருந்தும் தண்ணீர்தான். கிருமி நீக்கிய உப்புநீரால் கழுவிய காயங்களையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவிய காயங்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்திருக்கிறது. குழாய்த் தண்ணீரால் கிருமித் தொற்று கூடவில்லை. ஆனால் அது குடிக்கக்கூடிய தண்ணீராக இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு பீலியில் வருவது கலங்கல். அந்த நாட்களில் ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு எடுப்பது நல்லது. கை கழுவிவிட்டுத் தொட வேண்டும். சவுக்காரம் காயத்தைச் சுற்றிப் பட்டால் போதும், காயத்துக்குள் போக வேண்டியதில்லை. மண்ணும் மணலும் ஒரு பொட்டு இல்லாமல் போகிறவரை கழுவ வேண்டும். அம்மாயி இந்தக் கடைசி விஷயத்தில்தான் என் அலறலுக்கு இரங்கிவிட்டார். உள்ளே தங்கிய மணல்மேல் தோல் மூடிவிட்டால் பச்சை குத்தியது போல நின்றுவிடும். என் நீலப் புள்ளி அந்த இரக்கத்தால் வந்தது.

இலையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஹுலந்தலா என்பது சிங்களப் பெயர், எங்களுக்கும் அதே பெயர்தான். இளம் ஊதாவில் பஞ்சு மாதிரிப் பூக்கும், கசக்கினால் ஆட்டு வாடை அடிக்கும். பல நாடுகளில் ஏழைகள் இதை வெட்டுக்காயத்துக்கு வைத்திருக்கிறார்கள், ஆய்வுக்கூடங்களிலும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். செடியில் மருந்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் பயம் கான் ஓரத்து மண்மீது. ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும்தான் கிடக்கின்றன. நன்றாகக் கழுவிய காயத்தில் கழுவாத இலையைப் பிழிவது, வெளியே அனுப்பியதையே மறுபடி உள்ளே அழைப்பது. கோப்பித்தூளும் அப்படித்தான். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சிலந்திக்கூடு, பல்பசை, தலைவலித் தைலம் என்று லயத்தில் நான் பார்த்த மற்ற எல்லாமும் அப்படித்தான்.

அடுத்தது "காஞ்சாத்தான் ஆறும்". இந்த ஒரு சொல்லில்தான் நாம் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக மாட்டிக்கொண்டிருக்கிறோம். தமிழில் புண் ஆறும், புண் காயும், இரண்டையும் ஒரே பொருளில் சொல்கிறோம். காயம் என்ற சொல்லைக் கேட்டாலே காய வைக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஆறுதலும் காய்தலும் ஒன்றல்ல என்பதை நான் ஆசிரியையான பிறகு, உயிரியல் பாடத்துக்காகப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

சிராய்ப்பில் மேல்தோல்தான் போகிறது. புதுத் தோலுக்கான உயிரணுக்கள் காயத்தின் ஓரங்களிலிருந்தும், அடியில் மிச்சமிருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் ஊர்ந்து வந்து இடத்தை மூடும். அவை ஈரத்தில்தான் ஊரும். காயம் உலர்ந்து பொருக்குக் கட்டிவிட்டால், அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி, குடைந்துகொண்டு போக வேண்டும். 1962-இல் ஜோர்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேயர் பன்றிக்குட்டிகளின் தோலில் இதைச் சோதித்து 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். காற்றாட விட்ட காயத்தைவிட, பொலித்தீன் தாளால் மூடிய காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. பொலித்தீன் என்று படித்ததும், மழைக்கு இடுப்பில் பொலித்தீன் சுற்றிக்கொண்டு மலைக்குப் போன அம்மாதான் எனக்கு ஞாபகம் வந்தார். வீட்டில் சும்மா கிடந்த அந்தத் தாளில் இப்படி ஒரு சேதி இருந்தது எங்களில் யாருக்குத் தெரியும்? என் முட்டிப் பொருக்கு நடக்கும்போதெல்லாம் வெடித்து, மறுபடி இரத்தம் கசிந்து, மூன்று கிழமைக்கு மேல் இழுத்தது.

ஏன் டிஸ்பென்சரிக்குப் போகவில்லை என்று கேட்கலாம். கோப்பிக் காலத்திலேயே, 1872-இல், தோட்டங்களின் மருத்துவத் தேவைக்கென்று ஒரு சட்டம் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி அந்த வழியில் வந்ததுதான். ஆனால் சிராய்ப்புக்கு யாரும் அங்கே போகமாட்டார்கள். கவ்வாத்துக் கத்தி கையைக் கிழித்தால் போவார்கள். தேயிலை வாது கீறியது, கான் வெட்டும்போது கால் உரசியது, அட்டை கடித்த இடம் சொறிந்து புண்ணானது, இவற்றுக்காக மலையைவிட்டு இறங்கினால் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். அரைப்பேருக்கு யாருடைய வீட்டில் அரிசி வேகும்? அதனால் தோலின் சின்னச் சின்னக் காயங்கள் எல்லாம் லயத்து வாசலிலேயே தீர்க்கப்பட்டன. இதை நாட்டு வைத்திய மரபு என்று பெருமையாக எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். மரபு என்பது உண்மைதான். அந்த மரபைப் பிடித்து வைத்திருந்தது நாட்சம்பளக் கணக்கு.

அப்படியே போனாலும் அன்று கிடைத்தது ஊதா மருந்தும் சிவப்பு மருந்தும். இரண்டும் காயத்தைக் காய வைத்தன, ஊரெல்லாம் தெரியும்படி சாயம் பூசின. சிவப்பு மருந்தில் பாதரசம் இருந்தது. 1998-இல் அமெரிக்கா அதைப் பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்ட மருந்துகளின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது.

இப்போது என் வீட்டில் இருப்பது ஒரு டப்பா வாஸலின். இதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1859-இல் றொபர்ட் செஸ்ப்ரோ என்ற இளைஞர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனார். பம்பின் கம்பியில் மெழுகு மாதிரி ஒரு பசை ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தது. தொழிலாளிகள் அதை வழித்தெடுத்துத் தங்கள் வெட்டுக்காயத்திலும் தீக்காயத்திலும் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை வாங்கிப் போய்ச் சுத்திகரித்து 1872-இல் காப்புரிமை பெற்றார். கூலிக்காரர்களின் கை வைத்தியம்தான் அதுவும். ஆனால் அது காயத்தை ஈரமாக வைத்திருந்தது. 1996-இல் தோல் அறுவை செய்துகொண்ட 900-க்கும் மேற்பட்டவர்களிடம் வெறும் வாஸலினையும் கிருமிக்கொல்லிக் களிம்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காயத்தில் கிருமி தொற்றியதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

போன மழைக்காலத்தில் தங்கச்சி மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். கொதித்தாறிய தண்ணீரைச் சொம்பில் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். மணல் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை ஈரத் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தேன். "போதும் பெரியம்மா" என்று அவன் அழுதபோதும் விடவில்லை. என் முட்டியைக் காட்டி, "இந்தா பாரு, இதுதான் போதும்னு விட்டது" என்றேன். பிறகு மெல்லிசாக வாஸலின், அதன்மேல் சுத்தமான கோஸ், ஒட்டுப் பிளாஸ்டர். தினம் ஒருமுறை மாற்றினோம். தங்கச்சியின் மாமியாருக்கு இது ஒப்பவில்லை. "மஞ்ச வைக்காம எப்படி டீச்சர்? மூடி வச்சா சீப் புடிச்சிராதா?" என்று ஒவ்வொரு நாளும் கவலையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மஞ்சள் நம்முடையது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவருக்கு, மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல், தொழில் ஆய்வுக் கழகம் பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டியது. 1997-இல் காப்புரிமை இரத்தானது. நம் பாட்டிகளுக்குக் கிடைத்த வெற்றி அது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2020-இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, விலை எங்கேயோ ஏறியபோது, பாக்கெட்டில் மாவைக் கலந்து விற்றவர்களையும் பார்த்தோம். கறிக்கே நம்பிப் போட முடியாத தூளைத் திறந்த புண்ணில் எப்படி வைப்பது? வல்லாரையும் இப்படித்தான். அதைச் சம்பல் போட்டுச் சாப்பிடட்டும், எனக்கு மகிழ்ச்சி. அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளைக் கொண்டு பிரான்சில் காயத்துக்குக் களிம்பே செய்திருக்கிறார்கள். அம்மியில் அரைத்து வைப்பது அந்தக் களிம்பு ஆகாது.

எங்கள் மாவட்டத்தில் சிராய்ப்பை இன்னொரு காரணத்துக்காகவும் மூட வேண்டும். எலிக்காய்ச்சல் அதிகம் வரும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரிலிருந்து, தோல் விட்ட இடம் வழியாகக் கிருமி உடம்புக்குள் போகிறது. வயலில் இறங்குகிறவர்கள், மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர்கள், வெள்ளம் வடிந்த பிறகு வீடு கழுவுகிறவர்கள் காலில் சின்னக் கீறல் இருந்தாலும் சேற்றில் வைக்கக் கூடாது. வேறு வழியில்லை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்லி டொக்சிசைக்ளின் கேட்க வேண்டும். காய்ச்சலும் உடம்பு உளைச்சலும் வந்தால், காயம் ஆறிவிட்டதே என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சூடும் வீக்கமும் கூடினால், சீழ் வந்தால் அது வீட்டு வைத்தியத்தைத் தாண்டிவிட்டது. சீனி வருத்தம் உள்ளவர்களின் கால் காயம் எவ்வளவு சின்னதானாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அழுக்கு மண்ணில் உரசியிருந்து, ஏற்புவலித் தடுப்பூசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டுமா என்று கேட்க வேண்டும். நாய் நகம் கீறியதைச் சிராய்ப்பு என்று எண்ணவே கூடாது. 15 நிமிடம் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தங்கச்சி மகனின் முழங்கையில் பொருக்கே கட்டவில்லை. எட்டாம் நாள் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். மாமியார் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அடுத்த கிழமை கவ்வாத்துக் குச்சி கீறிய தன் கணுக்காலைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

அதைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை எப்போதும் வாது கீறிய கோடுகள். அவற்றுக்கு அவர் இலையும் பிழிந்ததில்லை, கோப்பியும் வைத்ததில்லை. பொழுது சாய்ந்து வந்து, கை கால் கழுவி, இஸ்தோப்பில் உட்கார்ந்து, என்னை முன்னால் இருத்தித் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிடுவார். என் தலைக்குத் தேய்த்தது போக உள்ளங்கையில் மிச்சமிருக்கும் எண்ணெயை, அந்தக் கோடுகள்மேல் மெதுவாகத் தடவிக்கொள்வார்.