பீவரா? பென்குயினா?

பீவர் என்றதும் நம்ம ஆற்றில் மீன் பிடிக்கும் நீர்நாய் என்று நினைச்சிடாதீங்க. அது வேற, இது வேற. பீவர் மீனைத் தொடாது. மரப்பட்டை, இலைதான் அதற்குச் சாப்பாடு. முன்பற்களில் இரும்புச்சத்து இருப்பதால் ஆரஞ்சு நிறமாக, ரொம்ப உறுதியாக இருக்கும். மரத்தைக் கடித்துச் சாய்த்து, கிளை, சேறு, கல் வைத்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். தேங்கிய தண்ணீரில் வீடு, வாசலோ தண்ணீருக்கு அடியில்! ஓநாய் எப்படி நுழையும்? கனடாவில் ஒரு பீவர் அணை சுமார் 850 மீட்டர் நீளம்.

எம்பரர் பென்குயினுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது. அண்டார்டிகா பனியில் கூடு கட்ட ஒரு குச்சிகூடக் கிடையாது. அம்மா முட்டையிட்டுவிட்டு இரை தேடக் கடலுக்குப் போய்விடும். அப்பாதான் முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, 2 மாதத்துக்கு மேல் பட்டினியாக நிற்கும். குளிர் மைனஸ் 40 டிகிரிக்குக்கூடப் போகும். எல்லா அப்பாக்களும் நெருக்கியடித்து நிற்கும். ஓரத்தில் நிற்பது மெதுவாக உள்ளே போகும், உள்ளே இருப்பது ஓரத்துக்கு வரும். சண்டையே கிடையாது!

பீவர்தான் கெட்டிக்காரப் பிராணி என்பாங்க. எனக்கு என்னவோ பென்குயினைத்தான் பிடிக்கும். ஆனா கவலையாகவும் இருக்கு. அணை உடைஞ்சா பீவர் அன்று ராத்திரியே அடைக்க ஆரம்பிச்சிடும். பனி உடைஞ்சா பென்குயின் என்ன செய்யும்? 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனி சீக்கிரமே உடைந்துபோனது. அங்கிருந்த 5 கூட்டங்களில் 4-இல் குஞ்சுகள் பிழைக்கவில்லை என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொன்னாங்க. தண்ணீர் ஒட்டாத இறகு அதுகளுக்கு அப்போ முளைக்கவே இல்லை.