மோரிஸ் மைனருக்குப் புது ஷாக்கர் வேண்டுமா?

டெல்லியில் குளிர் தொடங்கினால் பழைய கார்கள் ஷெட்டை விட்டு வெளியே வரும். 1964-இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் விண்டேஜ் கார் பேரணிக்கும், 2011-இல் தொடங்கிய 21 கன் சல்யூட் போட்டிக்கும் வண்டிகளைத் தயார் செய்கிற பருவம் அது. அந்த நாட்களில் பட்டறைக்கு வருபவர்கள் எஞ்சினைவிட ஷாக்கரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் வண்டி விடாமல் குதிக்கிறது, திருப்பத்தில் சாய்கிறது, பழசைக் கழற்றிவிட்டுப் புது மாதிரி போட்டுக்கொடுங்கள் என்கிறார்கள். புது மாதிரி என்றால் இன்றைய கார்களில் இருக்கும் குழாய் வடிவ டெலிஸ்கோப்பிக் ஷாக்கர்.

அந்த வேலையைச் செய்துகொடுத்திருக்கிறேன், மறுத்தும் இருக்கிறேன். எந்த வண்டி, முன்பக்கமா பின்பக்கமா என்று பார்த்துத்தான் முடிவு. மோரிஸ் மைனரின் முன்பக்கம் என்றால் என் பதில் வேண்டாம் என்பதே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது ஷாக்கர் அல்ல, ஸ்பிரிங். அடியை வாங்கிய ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொடுக்கும். கொடுத்து, வாங்கி, மறுபடி கொடுத்து, பிடித்து நிறுத்த ஆளில்லாத ஊஞ்சலாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து அடக்குவதுதான் ஷாக்கரின் வேலை. உள்ளே இருக்கும் ஆயிலைச் சிறு துவாரங்களின் வழியே பிதுக்கி, ஆட்டத்தின் சக்தியை வெப்பமாக்கி வெளியே விடுகிறது. அதனால்தான் மோசமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்ததும் நான்கு ஷாக்கர்களையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால், வேலை செய்யாதது அதுதான். ஷாக்கரைக் கடினமாக்கினால் சவாரி சுகமாகும் என்று நினைப்பவர்கள் இந்த அடிப்படையைத் தவறவிடுகிறார்கள். தேவைக்கு மேல் இறுகிய ஷாக்கர், ஸ்பிரிங்கை அதன் வேலையைச் செய்யவே விடாது. அடி நேராக உடலுக்குப் போகும்.

ஆயில் வருவதற்கு முன் உராய்வுதான் இருந்தது. ஆஸ்டின் செவன் போன்ற வண்டிகளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளை ஒரு நட்டால் இறுக்கி, அந்த உராய்விலேயே ஆட்டத்தை அடக்கினார்கள். அதில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. உராய்வு, அசையத் தொடங்கும் முன்புதான் மிக அதிகம். அசைந்தபின் குறைந்துவிடும். நமக்கு வேண்டியது நேர்மாறானது. மெல்ல அசைந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும், வேகமாக அசைந்தால் எதிர்த்து நிற்க வேண்டும். ஆயில் அப்படித்தான் நடந்துகொள்ளும். வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். 1927 இறுதியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ-வில் ஹூடாய் என்ற சுழல் வகை ஆயில் ஷாக்கர்களைப் பொருத்தியதற்குக் காரணம் இதுதான். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் கார்களில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் லீவர் ஷாக்கர். பார்க்க ஷாக்கர் மாதிரியே இருக்காது. ஒரு கனமான உலோகப் பெட்டி, அதிலிருந்து நீளும் ஒரு கை, அவ்வளவுதான். கை ஏறி இறங்கும்போது உள்ளே ஒரு தண்டு திரும்பி, பிஸ்டன்கள் ஆயிலை வால்வு வழியே தள்ளும்.

1948 முதல் 1971 வரை தயாரான மோரிஸ் மைனர் அந்த வகை. அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பு. 1950-களில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பேபி இந்துஸ்தான் என்று நம் நாட்டில் விற்றதும் மைனர்தான். அதன் முன்பக்க அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் நீளவாக்கில் ஓடும் ஒரு எஃகுத் தண்டு முறுகுவதே ஸ்பிரிங். அதன் பின்முனை முன்சீட்டுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும். முன்முனை கீழ்க்கையைத் தாங்கும். மேல்கை எங்கே என்று தேடினால், ஷாக்கரின் கையே மேல்கை! சக்கரத்தைத் தாங்கும் ஸ்விவல் பின்னின் மேல்முனை ஷாக்கரில்தான் தொங்குகிறது.

வாடிக்கையாளர்கள் யோசிக்காத இடம் இதுதான். மைனரின் முன் ஷாக்கரைக் கழற்றி எறிய முடியாது, கழற்றினால் சக்கரத்துக்கு மேல் பிடிப்பே இல்லை. சந்தையில் கிடைக்கும் டெலிஸ்கோப்பிக் கிட்டும் அதைக் கழற்றுவதில்லை. பழைய ஷாக்கரின் வால்வை மட்டும் எடுத்துவிட்டு, அதை வெறும் கீலாக அங்கேயே விட்டுவைத்து, பக்கத்தில் ஒரு குழாய் ஷாக்கரை நிறுத்துகிறது. தேய்ந்த தண்டு, தேய்ந்த புஷ், ஒழுகும் சீல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயும் வெளியேயும் ஆடுவதும் நிற்காது. வண்டியின் குறை எதுவோ அதைத் தொடாமல் பணம் மட்டும் செலவாகிறது. இத்தோடு முடிவதில்லை. குழாய் ஷாக்கர் தரும் விசையைக் கிட்டின் மேல் பிராக்கெட் உடலின் ஏதோ ஒரு தகட்டில்தான் இறக்குகிறது. அந்த விசையை வாங்கும் பலம் அந்தத் தகட்டுக்குக் கொடுக்கப்படவில்லை. அங்கே கீறல் விழுந்தால், ஷாக்கர் கோளாறு உடல் கோளாறாக மாறிவிடும்.

ஆகவே நான் செய்வது மறுசீரமைப்பு. கழற்றும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். முறுக்குத் தண்டு எப்போதும் கீழ்க்கையைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேல்பிடிப்பை விடுவித்த கணம் அந்தச் சக்தி முழுதும் வெளியே வரும். உடலுக்கு அடியில் ஸ்டாண்டு, கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி, இரண்டும் இல்லாமல் ஒரு நட்டையும் தொடக்கூடாது. சக்கர முனையைக் கம்பியால் கட்டி நிறுத்தாவிட்டால் அதன் எடை முழுவதும் பிரேக் ஹோஸில் தொங்கும். வெளியே கீறல் தெரியாமல் உள்ளே கிழிந்த ஹோஸ் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்த இரண்டையும்தான்.

ஷாக்கரை மேஜைக்குக் கொண்டுவந்ததும் கையைப் பிடித்து மேலும் கீழும் அசைப்பேன். எதிர்ப்பு சீராக இருக்க வேண்டும். இடையில் தொளதொளவென்று ஒரு இடம் வந்தால் ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. அடுத்து கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பேன். அங்கே ஆட்டம் இருந்தால் தண்டும் அதன் இருக்கையும் தேய்ந்துவிட்டன. இந்த நிலையில் புது ஆயில் சீல் மட்டும் போடுவது வீண். ஆடும் தண்டு எந்த சீலையும் சில மாதத்தில் தின்றுவிடும். தண்டைக் கடைசல் பட்டறையில் சீராக்கி, இருக்கையைக் குடைந்து, வெண்கல புஷ் அடித்து, அதன்பின்தான் சீல். காஷ்மீரி கேட் சந்தையில் மைனர் என்று வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கையை விரிப்பார்கள். தண்டின் விட்டம், இருக்கையின் விட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து தாளில் எழுதிக்கொண்டு போனால், அந்த அளவில் ஏதோ ஒரு இயந்திரத்துக்கான நைட்ரைல் சீல் பெரும்பாலும் கிடைத்துவிடும். பழைய சீலைவிட அது நன்றாகவே உழைக்கிறது. மேம்படுத்துவது என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான். வடிவம் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது அன்றைக்கு இருந்ததைவிட நன்றாக இருக்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில் டெல்லிக்குத் தனிக் கணக்கு உண்டு. ஜனவரி விடியலில் நான்கைந்து டிகிரி, ஜூன் மதியத்தில் நாற்பத்தைந்து. ஆயிலின் தடிமன் இந்த இரண்டுக்கும் இடையில் வெகுவாக மாறும். ஷாக்கர் தொளதொளத்துவிட்டது என்று கியர் ஆயிலை ஊற்றி அனுப்பும் பழக்கம் இங்கே பல இடங்களில் இருக்கிறது. கோடையில் ஓட்டிப் பார்த்தால் சரியாகிவிட்டது போலவே தோன்றும். பேரணி நடப்பதோ குளிரில். அதிகாலையில் அந்த ஆயில் பாகாகிவிடும். சக்கரம் பள்ளத்தில் இறங்க மறுக்கும், மேட்டில் ஏறியது திரும்பிக் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அடுத்தடுத்த மேடுகளில் வண்டி அமுங்கி, பயணத் தூரம் தீர்ந்து, ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கும். இதில் இன்னொரு குறையும் இருக்கிறது. தடித்த ஆயில் இரண்டு திசையிலும் எதிர்ப்பைக் கூட்டுகிறது. அமுங்கும்போது கொஞ்சமாகவும், ஸ்பிரிங் திரும்பி நீளும்போது அதிகமாகவும் பிடிப்பதுதான் நல்ல ஷாக்கர். அந்த வித்தியாசத்தை வால்வுதான் கொடுக்கும், ஆயிலால் முடியாது. நீளும்போது பிடிப்பு போதவில்லை என்றால் வால்வு ஸ்பிரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

நான் ஊற்றுவது மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஆயில், 20 கிரேடு. ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய ஆயிலுக்கு அது நெருக்கமானது, எளிதாகவும் கிடைக்கிறது. மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். டெல்லியின் தூசியில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் வால்வு முழுதாக மூடாது. ஊற்றிய பிறகு கையை மெதுவாக முழுத் தூரமும் பலமுறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுவதற்குப் பொறுமை வேண்டும். காற்று மிச்சமிருந்தால் இத்தனை வேலையும் தெரியவே தெரியாது.

லீவர் ஷாக்கர் எல்லா வகையிலும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. பிஸ்டன் நகரும் தூரம் மிகக் குறைவு. அதனால் உள்ளே அழுத்தம் அதிகம், ஆயிலும் கொஞ்சம்தான். நீண்ட மோசமான சாலையில் சூடேறிப் பிடிப்பு குறையும். குழாய் ஷாக்கரில் பிஸ்டனின் ஓட்டம் நீளம், அழுத்தம் குறைவு, வெப்பமும் எளிதில் வெளியேறும். டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர் வரை ஓட்டிப் போவேன் என்பவருக்கு மைனரின் பின்பக்கத்தில் குழாய் ஷாக்கர் போட நான் சம்மதிப்பேன். பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்தான் ஆக்ஸிலைத் தாங்குகிறது, ஷாக்கரை நம்பி எதுவும் தொங்கவில்லை. மேல் பிராக்கெட் கனமான சட்டத்தில் உட்கார வேண்டும், வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் மட்டும் பிடிக்க வேண்டும் என்பவை என் நிபந்தனைகள். நீளமும் முக்கியம். முழுக்க அமுங்கிய நிலையிலும் முழுக்கத் தொங்கும் நிலையிலும் ஆக்ஸிலிலிருந்து பிராக்கெட்டுக்கு உள்ள தூரத்தை அளந்து, இரண்டு முனையிலும் இடம் மிச்சம் இருக்கும் ஷாக்கரைத்தான் வாங்க வேண்டும். கையில் கிடைத்ததைப் போட்டால் ஸ்டாப்பருக்கு முன்பே ஷாக்கர் இடித்து, பிராக்கெட்டைப் பிய்த்துவிடும். கேஸ் நிரப்பியவை வேண்டாம். அந்த அழுத்தம் இலேசான வண்டியைச் சற்றுத் தூக்கி நிறுத்தும், சவாரியும் இறுகும்.

பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இரண்டுக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தாது. அவை தொழிற்சாலையிலிருந்தே குழாய் ஷாக்கரோடு வந்தவை. சரியான நீளமும் சரியான பிடிப்பும் உள்ள புதியதைப் போடுவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

ஷாக்கரில் கை வைக்கும் முன் வேறு இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று டயர் காற்று. மைனரின் கையேடு சொல்வது 22 பவுண்டு அளவில். பெட்ரோல் பங்க்கில் எல்லா வண்டிக்கும் அடிப்பது போல 32 அடித்துவிட்டு ஷாக்கரைக் குறைசொல்லி வருகிறார்கள். இரண்டாவது பட்டை ஸ்பிரிங். தகடுகளுக்கு இடையே துருப்பிடித்திருந்தால் அந்த உராய்வே ஷாக்கரின் வேலையைப் பாதி செய்துவிடும். மட்கார்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனையில் செத்த ஷாக்கரும் தேறிவிடும். தகடுகளைப் பிரித்துத் துடைத்து கிரீஸ் தடவிய பிறகு வண்டி அதிகமாகக் குதிக்கிறது என்று புகார் வரும். அப்போதுதான் ஷாக்கரின் உண்மை நிலை தெரிகிறது.

மூல வடிவத்தைக் காப்பதில் சட்டமும் என் பக்கமே நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் விஏ எழுத்துகள் கொண்ட எண்ணோடு விண்டேஜ் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளைப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்த இந்த நகரத்தில், பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதிவு பெரிய பாதுகாப்பு. ஷாக்கர் பிராக்கெட்டுக்காக உடலை வெட்டி வெல்டிங் வைத்து அதைச் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். என் பேச்சைக் கேட்காமல் குழாய் ஷாக்கருக்கே மாறினாலும், கழற்றிய லீவர் ஷாக்கரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒழுகினாலும் இறுகிப்போனாலும் துடைத்து, ஆயில் தடவி, துணியில் சுற்றி, எந்தப் பக்கத்துடையது என்று எழுதி வையுங்கள். சீலும் புஷ்ஷும் எங்கும் கிடைக்கும், தண்டைக்கூடக் கடைந்துகொள்ளலாம். அந்த உலோகப் பெட்டியையும் கையையும் டெல்லியில் எந்தப் பட்டறையாலும் புதிதாகச் செய்துகொடுக்க முடியாது.