பெட்டைக் குட்டி

எங்கள் அண்ணாகிராமத்தில் நாய்க்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு படுத்திருக்கும். அப்படியிருக்க, சென்னைக்குப் போய், ப்ளூ கிராஸ் வாசலில் காத்திருந்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஒரு கலப்பு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்றால் ஊரார் சிரிக்கத்தானே செய்வார்கள்? சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"பட்டணத்திலேருந்து பலகாரம் வாங்கியாருவீங்கன்னு பார்த்தா, பொட்டை நாயைக் கொண்டாந்திருக்கீங்களே! வருஷம் திரும்பறதுக்குள்ள வீடு பூராக் குட்டியாயிடும். அதையெல்லாம் யாரு கொண்டுபோய் விடறது?"

கடைசிக் கேள்வியை அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அது எங்கோ போய்த் தைத்தது.

கொண்டுபோய் விட்டவன் நான். 1964-ஆம் வருஷம்; எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. கடுவன் மூன்றுக்கும் ஆள் வந்துவிட்டது. ஒன்றை, நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிக்காரர் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். பெட்டை இரண்டும் மிஞ்சின. அப்பா ஒரு கோணியை நீட்டி, "ஆத்தங்கரையில விட்டுட்டு வாடா" என்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர்; ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். பெண்ணையாற்று மணலில் கோணியை அவிழ்த்தேன். இரண்டும் என் பின்னாலேயே ஓடிவந்தன. நான் அவற்றைவிட வேகமாக ஓடினேன். அன்றிரவு நல்ல மழை. தாய் நாய் மூன்று நாள் வைக்கோற்போரைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துகொண்டிருந்தது.

இத்தனை வருஷம் கழித்து ப்ளூ கிராஸுக்கு நான் போனதும் தற்செயல்தான். அடிபட்டுக் கிடந்த நாய் ஒன்றை என் மகள் அங்கே சேர்த்திருந்தாள். பார்க்கப் போனவள் என்னையும் இழுத்துப் போனாள். வழியில் அந்த ஸ்தாபனம் பிறந்த கதையைச் சொன்னாள். தியாகராய நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை, விமானியான கேப்டன் சுந்தரம் எடுத்துப் போய்க் காப்பாற்றினாராம். அந்த இரண்டிலிருந்து 1959-இல் முளைத்ததாம் இது. இரண்டு குட்டிகள், மழை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் நிறுத்தவில்லை. அந்த நாளில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொல்லாதீர்கள், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964-இல் இவர்கள் யோசனை சொன்னார்கள். அரிச்சுவடி போல எளிது என்பதால் அதற்கு 'ஏ.பி.சி.' என்றே பெயர். அதை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996-இல்! அரிச்சுவடி படிக்க 32 வருஷம். நானே பரவாயில்லை என்று தோன்றியது. அப்புறம், இல்லை என்றும் தோன்றியது.

உள்ளே செம்பட்டை நிறத்தில் ஒரு குட்டி. ஒரு காது நிமிர்ந்து நின்றது. மற்றது மடிந்து தொங்கியது. பாட்டன் வழியில் ஏதோ சீமை ரத்தம் போலிருக்கிறது. "பெட்டைங்க ஐயா. கடுவனா இருந்தா இந்நேரம் போயிருக்கும்" என்றார் அங்கிருந்தவர். தடுப்பூசி தவறாமல் போடுவேன், வயது வந்ததும் கருத்தடை செய்விப்பேன் என்று ஒப்புக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் ராத்திரி அது ஊரை எழுப்பியது. ஆற்றங்கரைச் சமாசாரத்தை அன்றைக்குத்தான் மனைவியிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய், பழைய நூல் புடவை ஒன்றைக் குட்டிக்கு விரித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலையில் காபியை வைத்துவிட்டு, "அந்த ஆபரேஷன் வலிக்குமாங்க?" என்று கேட்டாள்.

மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள் என்றேன். அதற்குள் குட்டி என் தொடர்கதையில் இரண்டு பக்கத்தைக் கடித்துக் குதறியிருந்தது. எந்தப் பத்திரிகாசிரியரும் என்னை அவ்வளவு தாராளமாக வெட்டியதில்லை.

இப்போது சாயங்காலங்களில் இருவரும் உலாவப் போகிறோம். ஆற்றுப் பாதை வந்தால் அது முன்னே ஓடிவிடும். கூப்பிட்டால் நின்று பார்த்து, என் பின்னாலேயே வரும். நான் மெதுவாகத்தான் நடக்கிறேன்.