சூனியக்காரியும் ஏமாந்த வாசகியும்



சூனியக்காரிகளைப் பற்றிய நகைச்சுவை மர்ம நாவல் ஒன்றை அட்டையழகில் மயங்கி வாங்கினேன். தென்னந்தோப்புகளிடையே கொள்ளிவாய்ப் பிசாசுக் கதை கேட்டு வளர்ந்த பாகான் டத்தோக்காரிக்கு அது தித்திக்க வேண்டுமன்றோ? நம்பிக்கையோடு, தான் வாசிக்குமுன்னே வகுப்பின் வாசிப்பு மூலையில் வைத்தவளும் நானே.

பிறகு வாசித்தேன். மோதிரம் களவுபோகிறது, தடயங்கள் சேர்கின்றன, இறுதியில் ஒரு மந்திரம், திருடன் அகப்படுகிறான்! துப்பறியும் கதைக்கு 1929-இல் பத்து விதிகள் வகுத்த ரோனால்டு நாக்ஸ், இயற்கையை மீறிய ஆற்றலை ஏன் விலக்கினார் என்பது விளங்கிற்று. நகைச்சுவையோ தனித்து வாழும் கிழவியின் கூன்முதுகோடு நின்றுவிட்டது.

பேயும் நகையும் பொருந்தாதவை அல்ல. கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைப்பது சிரிப்பூட்டும். அச்சிரிப்பினடியில் போரின் கோரம் கிடக்கும். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ விடை கூறாமலே முடியும். ஆயினும் வாசகரை ஏமாற்றாது.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் வாசிப்புப் பதிவேட்டில், நன்னெறி என்னுமிடத்தில், “மந்திரம் தெரிந்தால் மூளை வேண்டா” என எழுதியிருந்தாள். சிரித்தேன். மறுநாள் அவளே, லயத்தில் தனித்திருக்கும் பாட்டியைச் ‘சூனியக்காரி’ என்று தோழியரிடம் கூறக் கேட்டேன். சிரிப்பு அடங்கிற்று.

அடுத்த வாரம் அப்பாட்டியிடமே பேய்க்கதை கேட்க மாணவர்களை அழைத்துச் சென்றேன். அவர் கதை அந்நாவலினும் நன்று.

பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளைகள் எதை வாசிக்கின்றனர் என்பதோடு, யாரைக் கண்டு நகைக்கின்றனர் என்றும் கேட்போம்.