அப்பாவின் ஞாயிறும் என் ஞாயிறும்

ஞாயிற்றுக்கிழமை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும் நண்பர்களே? விடுதியில் பத்து மணி வரைக்கும் தூக்கம், பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய இடுபணி என்று ஆளுக்கொரு பதில் சொல்வீர்கள். எனக்கு நினைவுக்கு வருவது, விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பா தம் மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம்தான்.

பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா குலை வெட்டுபவர். அம்மா உதிரிப் பழம் பொறுக்குவார். தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளும் ஞாயிறு காலையில் நானும் சாக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போயிருக்கிறேன். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தரச் சொல்கிறது. அந்த ஓய்வு நாளில் முழு நாளும் வேலை செய்தால் இரட்டைக் கூலி என்றும் சொல்கிறது. அப்பா சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் ஓய்வை விற்றால் இரட்டை விலை கிடைக்கும் என்ற கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடந்த ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை போதவில்லை. விமானச் சீட்டுக்கும் அறை முன்பணத்துக்கும் வீட்டில்தான் பார்க்க வேண்டியிருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து 555 நோட்டுப் புத்தகம் விழுந்தது. மளிகைக்கடைக் கடனை எழுதி வைப்போமே, அதே சின்னப் புத்தகம். அதில் ஒரு பக்கத்தில் "பாப்பா ஜெர்மன்" என்று எழுதி, கீழே வரிசையாகக் கோடுகள் போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு கோடுகள். நாற்பத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள்.

ஒன்றும் கேட்காமல் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சட்டையைத் துவைத்தேன்.

நான் லைப்சிக் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை இரவு. காலையில் எழுந்து அரிசியும் முட்டையும் வாங்கலாம் என்று தெருவுக்கு இறங்கினால் எல்லாக் கடையும் அடைப்பு. ஏதோ ஊரடங்கு என்று பயந்துவிட்டேன்! கோயில் மணிபோலத் தேவாலய மணிகள் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தன. திரும்பி வந்து, அம்மா பெட்டியில் திணித்திருந்த மெகி மீயைத்தான் பசியாறினேன். அறைத்தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விளக்கினாள்.

ஜெர்மனியில் ஞாயிறு சட்டப்படி ஓய்வு நாள். 1919இல் எழுதப்பட்ட வைமர் அரசியல் சட்டத்தின் 139ஆவது பிரிவு ஞாயிற்றுக்கிழமையைப் பாதுகாத்தது. 1949இல் புதிய அடிப்படைச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். ரொட்டிக் கடைகள் சில மணி நேரம் திறக்கலாம். இரயில் நிலையக் கடைகள் சிலவற்றுக்கும் விலக்கு உண்டு. மற்றபடி பேரங்காடிகளுக்குப் பூட்டுத்தான். கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க பெர்லின் மாநிலம் இடம் கொடுத்தபோது, அது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 2009 டிசம்பரில் கூட்டரசு அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வியாபாரமும் வாங்கும் ஆசையும் மட்டும் போதிய காரணம் ஆகாதாம்.

கடைக்குத்தான் இந்தச் சட்டம் என்று நினைக்காதீர்கள். ஞாயிறன்று சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. காலிப் போத்தல்களைத் தெருவோரக் கண்ணாடித் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் கேட்குமாம். நம்மூரில் ஞாயிறு காலை ஏழு மணிக்கே பக்கத்து வீட்டு வானொலியும் புல்வெட்டும் இயந்திரமும் போட்டி போடுவதை அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

பழகப் பழக அந்த ஞாயிறு எனக்கும் பிடித்துப்போனது. பத்து மணிக்கு எழுந்து நீண்ட நேரம் பசியாறுவது. பிறகு கிளாரா செட்கின் பூங்காவில் நடை. அவர்கள் எங்கேயும் போய்ச் சேர்வதற்காக நடப்பதில்லை, நடப்பதற்காகவே நடக்கிறார்கள். தாத்தா பாட்டிகள் கைகோத்துப் போவார்கள். மாணவர்கள் புல்லில் விரிப்பைப் போட்டுப் படுத்துக் கிடப்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்குமேல் கோப்பியும் கேக்கும். சில நாள் தோமஸ் தேவாலயத்துப் பக்கம் போவேன். 1723 முதல் 1750இல் இறக்கும்வரை பாக் இசை ஆசிரியராக இருந்த இடம்; அவரது கல்லறையும் உள்ளேதான். இரவு எட்டே காலுக்கு எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் கூடி, 1970இலிருந்து வரும் 'டாட்டோர்ட்' துப்பறியும் தொடரைப் பார்ப்போம். எனக்குப் பாதி புரியாது. கொலைகாரன் யார் என்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுவேன்.

இதில் ஒரு முள் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் பந்திங்கில் இரவு எட்டு. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு அப்பா அழைப்பார்.

"சாப்ட்டியா பாப்பா?"

"சாப்ட்டேன்ப்பா."

"என்னா பண்ற?"

"படிச்சிக்கிட்டு இருக்கேன்ப்பா."

புல்லில் படுத்துக்கொண்டே இந்தப் பொய்யைச் சொல்வேன். பறவைச் சத்தம் கேட்டுவிடக்கூடாதே என்று கைப்பேசியைக் கையால் மூடிக்கொள்வேன். அப்பா என்னை ஒரு நாளும் கண்டித்தவர் அல்லர். ஆனாலும் அந்த நாற்பத்தொரு கோடுகளுக்கு முன்னால் படுத்துக் கிடக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் தனியாக இரயிலேறி ஹாலே நகருக்குப் போனேன். லைப்சிக்கிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். தமிழ் படித்த யாரும் ஒருமுறை பார்க்க வேண்டிய ஊர். அங்கே பிராங்கே என்னும் பாதிரியார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் தொடங்கிய பள்ளிகளும் இல்லமும் இன்றும் பெரிய வளாகமாக நிற்கின்றன. அங்கே படித்த சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் அரிச்சுவடி கற்கத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார் என்பார்கள். பத்தே ஆண்டில், 1716இல், இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் இந்த அநாதை இல்லத்தின் அச்சகத்திலேயே வெளிவந்தது. தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகளை இங்குள்ள ஆவணக் காப்பகத்தில் இன்றும் காத்து வருகிறார்கள்.

அந்தச் சுவடிகளைப் பார்க்கலாம் என்று ஆசையோடு போனேன். ஞாயிற்றுக்கிழமை அல்லவா? அருங்காட்சியகம் திறந்திருந்தது, காப்பகம் பூட்டியிருந்தது! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி ஒலித்தது. மணி இரண்டு.

"என்னா பண்ற பாப்பா?"

எப்படித்தான் அன்றைக்குத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. "ஒண்ணும் பண்ணலப்பா. சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்தேன். போன வாரமும் படிக்கல. ஞாயித்துக்கெழம இங்க யாரும் படிக்கறதில்ல. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஏன் பொய் சொன்ன?" என்றார்.

"நீங்க ஞாயித்துக்கெழமயெல்லாம் வேல செஞ்சிதானப்பா அனுப்புனீங்க. நோட்டப் பாத்துட்டேன்."

"நான் வேல செஞ்சா நீயும் செய்யணும்னு யாரு சொன்னா? நீயும் வேல செய்யறதுக்கா நான் கோடு போட்டேன்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "சரி, அங்க என்னா பாத்த, அதச் சொல்லு."

சீகன்பால்க் கதையைச் சொன்னேன். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டவர் அப்பா. "வெள்ளக்காரன் மணல்ல ஆனா ஆவன்னா எழுதுனானா?" என்று வாய்விட்டுச் சிரித்து, "இங்க வா, பாப்பா சொல்றதக் கேளு," என்று அம்மாவையும் கூப்பிட்டார். மீண்டும் முதலிலிருந்து சொன்னேன்.

அந்த வாரம் மொழி வகுப்பில் ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். 'ஷூல' என்னும் ஜெர்மன் சொல்லும், ஆங்கில 'ஸ்கூல்' என்பதும் கிரேக்கத்தில் 'ஓய்வு' என்று பொருள்படும் 'ஸ்கோலே' என்ற சொல்லிலிருந்து வந்தவையாம். போர்த்துகீசியர் வழியாக வந்த நம் மலாய் 'செக்கோலா'வும் அதே குடும்பம்தான். வேலையிலிருந்து விடுபட்டவனுக்கே கற்க நேரம் கிடைத்தது. எனக்கு அது சொல்லாராய்ச்சியாகத் தோன்றவில்லை. தமிழ்ப்பள்ளியிலும், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும், பல்கலைக்கழகத்திலும் நான் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அப்பாவும் அம்மாவும் தங்களுக்கு என்று வைத்துக்கொள்ளாத நேரம் என்று விளங்கியது. அதை வெட்கத்தோடு ஒளித்து வைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆகஸ்டில் திரும்பி வந்தேன். ஒரு ஞாயிறு அப்பாவை வற்புறுத்தி மோரிப் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை மணி கேட்டார். "சும்மா உக்காந்தா முதுகு வலிக்குது பாப்பா" என்றார். குலையைத் தூக்கும்போது வலிக்காத முதுகு! கடைசியில் பாயில் படுத்தவர் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

555 நோட்டில் இப்போது "தம்பி" என்று புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறது. அவன் எஸ்.பி.எம். எழுதப்போகிறான். எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், மாறவில்லை. நான் மாலையில் டியூஷன் சொல்லிக்கொடுத்து மாதம் ஒரு ஞாயிற்றின் கூலியை வீட்டுக்குத் தருகிறேன். அதற்கு ஈடாக மாதம் ஒரு ஞாயிறு அவர் வேலைக்குப் போகக்கூடாது. இதுதான் எங்கள் ஒப்பந்தம். போன மாதம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கோடுகளுக்கு நடுவே ஒரு வட்டம் இருந்தது.

"இது என்னாப்பா?"

"அது லீவு," என்றார்.

நண்பர்களே, வரும் ஞாயிறு பத்து மணி வரைக்கும் தூங்குங்கள், தப்பில்லை. எழுந்ததும் வீட்டுக்கு ஓர் அழைப்பு விடுத்து, அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.