திறந்து காட்டிய துவக்கு

எங்கள் வீட்டில் 'துவக்கு' என்ற சொல்லை யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. தம்பி சின்னவனாக இருந்தபோது பெருநாளுக்கு வாங்கிய பிளாஸ்டிக் துவக்கு ஒன்று, வீட்டுக்கு வந்த அன்றே காணாமற் போனது. எடுத்து ஒளித்தவர் உம்மாதான் என்பது எல்லோருக்கும் தெரியும். தம்பி அழுது தீர்த்தான். வாப்பா ஒன்றுமே கேட்கவில்லை.

உம்மா மட்டக்களப்பு மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1990ஆம் ஆண்டு அவருக்கு எட்டு வயது. அந்த ஆண்டுதான் வயலுக்குப் போன அவருடைய சாச்சா திரும்பி வராமற் போனார். இரவில் வெடிச் சத்தம் கேட்டால், பிள்ளைகளையெல்லாம் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு மூத்தம்மா யாஸீன் ஓதிக்கொண்டிருப்பாராம். இந்தக் கதையை உம்மா எங்களுக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. இடி இடிக்கும் இரவுகளில் துண்டு துண்டாகச் சொன்னதை நாங்கள்தான் ஒட்டி வைத்திருக்கிறோம்.

அந்த உம்மாவோடு சேர்ந்து, துப்பாக்கி சுடக் கற்றுத்தரும் கழகமொன்றைத் தேடி நான் மூன்று இடங்களுக்குப் போனேன் என்றால் நம்புவீர்களா?

போனது நம் நாட்டில் அல்ல. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில் உம்மாவும் நானும் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா உம்மாவின் காக்கா. அவருடைய மகள், என் மச்சி, என்னைவிட ஒரு வயது மூத்தவள். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் சேர வேண்டும் என்று அவள் ஒரு வருடமாக மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மேசைக்கு மேலே ஒரு சீனப் பெண்ணின் படம் ஒட்டியிருந்தது. பெயர் ஷாங் ஷான். 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்டியிட்ட 'ஸ்கீட்' போட்டியில் தங்கம் வென்றவர். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியில் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் பெண்களுக்கெனத் தனியாக நடத்தினார்கள். "வெண்டவளையே வெளிய நிற்பாட்டினாங்க மச்சி" என்று சொல்லும்போது, ஏதோ தன் வகுப்புத் தோழிக்கு நடந்ததுபோல அவளுக்குக் கோபம் வரும்.

மாமா கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "மூன்று கழகத்தைப் போய்ப் பார்ப்பம். பார்க்காமல் எதிலயும் சேர்றதில்ல." ஒரு கொப்பியில் ஐந்து கேள்விகளையும் எழுதினார். பயிற்றுவிப்பவர் தகுதி பெற்றவரா? எங்களைப் போன்றவர்களின் தோளுக்கு அளவான துப்பாக்கி கழகத்திடமே இருக்கிறதா? புதியவர்களுக்கெனவோ பெண்களுக்கெனவோ தனி நாள் உண்டா? சொல்லும் கட்டணத்துக்குள் தோட்டாவும் தட்டும் துப்பாக்கி வாடகையும் அடங்குமா? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

அந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கப் பொலிஸாரிடம் உரிமம் பெற வேண்டும். ஆயினும் பொலிஸார் அனுமதித்த இடத்திலும் நேரத்திலும் இத்தகைய செயற்கை இலக்குகளைச் சுட்டுப் பழக, புதியவர் ஒருவருக்கு உரிமம் தேவையில்லை. அதனால்தான் ஒரு கழகத்தைத் தெரிவு செய்வதற்கு முன்னர் அங்கே போய்ச் சுட்டுப் பார்க்கவும் முடிகிறது.

களிமண் தட்டு என்கிறார்களே தவிர, அதில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் ஒருவகைத் தாரையும் சேர்த்து அச்சில் வார்க்கிறார்கள். விட்டம் 11 சென்ரிமீற்றர், எடை 100 கிராமுக்குச் சற்றுக் கூட. கையில் எடுத்துப் பார்த்தால் தேநீர்க் கோப்பையின் பீரிசைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். ஓர் இயந்திரம் அதை வானத்தில் வீசும். 'ட்ராப்' என்ற பிரிவில் தட்டு நமக்கு முன்னாலிருந்து விலகிப் பறக்கும். 'ஸ்கீட்' பிரிவில் உயரமானதும் தாழ்ந்ததுமான இரண்டு கூடுகளிலிருந்து குறுக்கே பறக்கும். 'ஸ்போர்ட்டிங்' என்பதில் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 25 தட்டுகள்.

ஆரம்பத்தில் தட்டுகள் அல்ல, உயிருள்ள புறாக்களையே பெட்டியிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டிருக்கிறார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின்போதுகூட அப்படியொரு போட்டி நடந்தது. பின்பு கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880இல் அமெரிக்காவில் லிகோவ்ஸ்கி என்பவர் இந்தத் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அடைத்து வைத்த பறவைகளைப் பறக்கவிட்டுச் சுடுவதை 1921இல் பிரித்தானியச் சட்டம் தடை செய்தது. இன்றும் தட்டைப் 'பறவை' என்று அழைக்கும் வழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மச்சி இதைச் சொன்னபோது எனக்கு இஸ்லாம் பாடம் நினைவுக்கு வந்தது. அம்பெய்யப் பழகுவதை ஊக்குவித்த நபி (ஸல்) அவர்கள், உயிருள்ள ஒன்றை இலக்காக நிறுத்துவதைத் தடுத்தார்கள் என்று படித்திருக்கிறோம். உம்மாவிடம் இதைச் சொன்னேன். "சரி, நான் காருக்குள்ள இருக்கன். நீங்க போய்ப் பாருங்க" என்றார். உம்மா வருவதே பெரிய விடயம்.

முதலாவது கழகம் வீட்டுக்கு மிகவும் கிட்ட இருந்தது. பெரிய கட்டடம், அழகான சிற்றுண்டிச்சாலை. தொலைபேசியில் பேசியபோதே பணம் செலுத்தும் முறையை முதலில் சொன்னார்கள். பயிற்றுவிப்பவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு நேரமில்லை. மச்சியின் கையில் கொடுத்த துப்பாக்கி அவளுக்கு நீளம் கூடியது. நிற்கும் முறையைத் திருத்த, ஒரு வார்த்தை கேட்காமலே அவளுடைய தோளைப் பிடித்தார். அவள் கூசிப் பின்வாங்கியதையும் அவர் கவனிக்கவில்லை. பத்துத் தோட்டாக்களுக்குப் பிறகு அவளுடைய தோள் நீலம் பாரித்துவிட்டது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மச்சி பாதுகாப்பு விதிகளை விளக்கினாள். இந்தத் துப்பாக்கி நடுவில் மடிந்து திறக்கும். சுடும் இடத்தில் நின்று, முறை வந்தால் மட்டுமே மூட வேண்டும். மற்ற நேரமெல்லாம் திறந்தபடிதான் கொண்டு நடக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே தோட்டா இல்லை என்பதை எதிரே வருபவர் கண்ணால் காணலாம்.

உம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அப்ப, காருக்குப் பக்கத்தால போன அந்த மனிசன் ஏன் மூடிக்கொண்டு போனார்?"

மேசையில் யாரும் பேசவில்லை. நாங்கள் மூவரும் உள்ளே நின்று பார்த்தும் காணாததை, கண்ணாடியை உயர்த்திவிட்டுக் காருக்குள் தஸ்பீஹோடு இருந்த உம்மா கண்டிருக்கிறார். மாமா கொப்பியை எடுத்து ஐந்தாவது கேள்விக்குக் கீழே ஆறாவதை எழுதினார்: 'சுடாத நேரத்தில் துப்பாக்கியை எப்படி வைத்திருக்கிறார்கள்?' பிறகு முதலாவது கழகத்தின் பெயரைக் கோடிட்டு வெட்டினார்.

இரண்டாவது ஒரு பண்ணைக்குப் பின்னால் இருந்த சிறிய கழகம். உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் சொந்தத் துப்பாக்கிகளோடு வருவார்கள். எல்லாத் துப்பாக்கிகளும் திறந்தே இருந்தன. எங்களுக்குத் தேநீர் தந்தார்கள். ஆனால், "எங்களிடம் பயிற்றுவிப்பவர் இல்லை, இரவல் துப்பாக்கியும் இல்லை. வேறோர் இடத்தில் அடிப்படையைக் கற்றுக்கொண்டு பிறகு எங்களிடம் வா மகளே" என்ற கருத்தில் அங்கிருந்த முதியவர் ஒருவர் மச்சியிடம் சொன்னார். தன்னால் இயலாததை இயலாது என்று சொல்பவரிடம் ஒரு தனி மரியாதை வருகிறது. மாமா அந்தப் பெயரை வெட்டவில்லை. பக்கத்தில் 'பிறகு' என்று எழுதினார்.

மூன்றாவது கழகம் காரில் முக்கால் மணித்தியால ஓட்டம். அன்று வார நாள், கூட்டமில்லை. பயிற்றுவிப்பவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே அரை மணித்தியாலம் எங்களோடு பேசினார். தூரத்து மரமொன்றை இரு கண்களாலும் பார்த்து விரலால் காட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். மச்சி வலக்கைக்காரி, ஆனால் அவளுடைய இடக்கண்தான் மேலோங்கியது என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலாவது இடத்தில் அவள் சுட்டதெல்லாம் ஏன் தவறியது என்பதும் புரிந்தது. எங்கள் முந்தானையைப் பார்த்தவர், மேலே மாட்டும் காதுமூடி துணியோடு சரியாக ஒட்டாது என்று சொல்லி, உள்ளே வைக்கும் காதடைப்பானைத் தந்து, மறைவாகப் போய் அணிந்துவரச் சொன்னார். 12 போர் துப்பாக்கிக்குப் பதிலாக இலேசான 20 போர் துப்பாக்கியை எடுத்தார். "தோளைத் தொட்டுக் காட்டலாமா?" என்று கேட்டார். லுஹர் நேரம் வந்தபோது தொழுவதற்கு ஓர் அறையைத் திறந்துவிட்டார்.

பிறகுதான், "காருக்குள் இருப்பவர் யார்?" என்று கேட்டார். மச்சி சுருக்கமாகச் சொன்னாள். அவர் கையிலிருந்த துப்பாக்கியைத் திறந்து தாங்கியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு காரடிக்குப் போனார். உம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு, மச்சிதான் மொழிபெயர்த்தாள். விருப்பமென்றால் மட்டும் வந்து பாருங்கள், இப்போது யாரும் சுடமாட்டார்கள் என்றார்.

உம்மா நெடுநேரம் யோசித்தார். பிறகு காரிலிருந்து இறங்கினார்.

தாங்கியில் துப்பாக்கி மடிந்து திறந்து கிடந்தது. தோட்டா வைக்கும் பக்கத்தைச் சுட்டிக்காட்டி, இதற்குள் பாருங்கள் என்றார் அந்தப் பெண்மணி. உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இரண்டு குழாய்கள் வழியாகவும் வானம் தெரிந்தது. இரண்டு சின்ன வட்டங்களாக, வெள்ளை முகில் நகரும் வானம்.

உம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்படித் திறந்து காட்டின ஒருத்தரையும் நான் அந்தக் காலத்தில காணல்ல மகள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காருக்குத் திரும்பிப் போகவும் இல்லை. காதடைப்பான் வாங்கி அணிந்து, தூரத்து வாங்கில் அமர்ந்துகொண்டார். முதல் வெடியின்போது அவருடைய தோள்கள் குலுங்கின. எத்தனையாவது வெடியில் அது நின்றதென்று நான் எண்ணவில்லை.

எனக்கும் ஒரு சுற்றுக் கிடைத்தது. 'புல்' என்று குரல் கொடுத்தால் தட்டு பறக்கும். இழு என்ற அர்த்தத்தில் சொல்லும் ஆங்கிலச் சொல் அது. எனக்கோ பசும்புல்தான் மனதில் வந்தது. முதல் ஏழு தட்டுகளும் முழுதாகப் பறந்துபோய் விழுந்தன. தட்டுக்குப் பின்னாலேயே சுடுகிறாய் என்றார் பயிற்றுவிப்பவர். இன்று பௌதிகவியல் படிக்கும்போது அது எனக்கு நன்றாக விளங்குகிறது. தட்டு செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் குறுக்கே பறக்கிறதென்று வைத்துக்கொள்வோம். சன்னங்கள் 30 மீற்றர் தூரத்தை அடைய ஏறத்தாழ செக்கனில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும். அதற்குள் தட்டு இரண்டு மீற்றர் நகர்ந்துவிடும். இருக்கும் இடத்தைச் சுடக்கூடாது, வரப்போகும் இடத்தைச் சுட வேண்டும். எட்டாவது தட்டு கறுப்புத் தூளாகச் சிதறியபோது பின்னாலிருந்து "மாஷா அல்லாஹ்" என்றொரு குரல் கேட்டது. உம்மாவின் குரல். மொத்தம் 25இல் நான்கு உடைத்தேன்.

மச்சி அந்த மூன்றாவது கழகத்திலேயே சேர்ந்தாள். தூரம் கூட, கட்டணமும் சற்றுக் கூட. ஆனாலும் மாமா மறுபேச்சுப் பேசவில்லை. கொப்பியின் ஆறாவது கேள்விக்கு நேரே சரி அடையாளம் போட்டவர் உம்மா.

நம் நாட்டில் இந்தத் தட்டு விளையாட்டைத் தேடி நான் போகப் போவதில்லை. எயார் ரைபிள் எனக்கு இன்னும் ஆசைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் தெஹானி எகொடவெல 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் பங்குபற்றியது நமக்கெல்லாம் தெரியும். உயர்தரப் பரீட்சை முடியட்டும், பார்ப்போம் என்கிறார் வாப்பா. உம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது சிறிய விடயமல்ல.

ஒரு விளையாட்டுக் கழகத்தைத் தெரிவு செய்யும்போது அங்கே எத்தனை கிண்ணங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது எளிது. பலமான ஒரு பொருளைப் பயன்படுத்தாத நேரத்தில் எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள், பயந்து தூர நிற்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்க எனக்கு உம்மாதான் கற்றுத்தந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சி தொலைபேசியில் பேசுவாள். கடந்த வாரம் 25க்கு 19 எடுத்தாளாம். நான் துள்ளிக் குதித்தேன். உம்மா தொலைபேசியை வாங்கி, எப்போதும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்.

"துவக்கைத் திறந்துகொண்டுதானே புள்ள நடக்கிற?"